தோழியின் தோழர்கள் வாசலில் ஒரு செக்கர்

"எந்தத் தளத்துக்கு வேணும்னாலும் போங்க, எந்தப் பேரை வேணும்னாலும் வெச்சுக்கிட்டு வாங்க. வர்ற ஆள் அசலா நகலான்னு நாலு வரி படிச்சாப் போதும், நான் சொல்லிடுவேன். இன்னிக்கு வரைக்கும் தப்பினதில்லை, இனிமேலும் தப்பப் போறதில்லை. ஒரே ஒரு தடவை தப்பினேன்னா, அன்னிக்கே இந்தப் பொறுப்பை இறக்கி வெச்சுட்டு மூலையில போய் உட்கார்ந்துக்கறேன்!"

இந்தப் பிரகடனத்தைச் செய்தவர் ஏதோ எல்லைப் படைத் தளபதி என்று நீங்கள் நினைத்துவிட்டால் குற்றம் உங்களுடையதல்ல. குரலில் அத்தனை கம்பீரம் இருந்தது. அவர் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் செக்கர். இதைக் குரல் பதிவாக அனுப்பியபோது குளியலறை வாசலில் பல் துலக்கும் பிரஷும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். "முதல்ல அந்தக் குழாயை மூடுங்க" என்று அவர் மனைவி சொன்னதும் பதிவின் கடைசியில் ஒட்டிக்கொண்டு எல்லாரிடமும் போய்ச் சேர்ந்தது. தளபதிகளுக்கும் வீடு என்று ஒன்று இருக்கிறது.

தொழிற்சாலையில் அவருடைய பணி எளிமையானது, மகத்தானது. அடுப்பிலிருந்து வெளியேறி, ஆறிக்கொண்டே இயந்திரப் பட்டையில் ஊர்ந்து வரும் பிஸ்கட்டுகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். உடைந்தது, கருகியது, ஓரம் பிசகியது ஆகிய மூவகைக் குற்றவாளிகளையும் விரல் நுனியால் தட்டி வாளியில் தள்ள வேண்டும். தலையில் வலைத்தொப்பி, வாயில் துணி, காதில் அடைப்பான். இயந்திரச் சத்தத்தில் அங்கே யாரும் யாரோடும் பேசிக்கொள்ள வழியில்லை. மேற்பார்வையாளர் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததே கிடையாது. தோளில் இரண்டு தட்டு தட்டினால் 'போய்ச் சாப்பிட்டு வா' என்று அர்த்தம். ஒரு தட்டு என்றால் 'அடுத்த பட்டைக்குப் போ'. மீசை நரைக்கும்வரை இப்படித் தட்டு வாங்கிய ஒரு மனிதரிடம், "செக்கர் அண்ணே, நீங்க வந்து ஒரு பார்வை பாத்தாத்தான் சரியா வரும்" என்று நாலு பேர் சொன்னால் அது எப்படி இனித்திருக்கும்! தொழிற்சாலையின் கிரீம் பிஸ்கட்டே தோற்றுவிடும்.

அப்படிச் சொன்ன நாலு பேரும் ஒரு ரசிகர் மன்றத்தைச் சேர்ந்தவர்கள்.

மற்றவர்கள் கதாநாயகனுக்கு மன்றம் வைப்பார்கள், கதாநாயகிக்கு வைப்பார்கள். இவர்கள் வைத்தது கதாநாயகியின் தோழிக்கு. ஒரு காலத்தில் வந்த பல படங்களில் ஒரே நடிகைதான் தோழியாக வருவார். கதாநாயகியிடம் கடிதத்தைக் கொடுப்பார், "அவர் உன்னைத்தான்டி பாக்கறார்" என்பார், தலையணையால் அடி வாங்குவார், இடைவேளைக்குப் பிறகு காணாமல் போய்விடுவார். அவர் எங்கே போனார் என்று கதாநாயகி கேட்டதில்லை, இயக்குநர் கேட்டதில்லை, படம் பார்த்தவர்களும் கேட்டதில்லை. கேட்ட கொஞ்சம் பேர் மட்டும் இணையத்தில் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்து, 'தோழியின் தோழர்கள்' என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். தோழி நடித்த காட்சிகளிலிருந்தே ஆளுக்கொரு புனைபெயரையும் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் தண்ணி டம்ளர். ஒரு அம்மா ஜன்னலோரம். நம்மவர் மட்டும் தன் தொழிலையே பெயராக வைத்துக்கொண்டார். செக்கர்.

உலகில் பல இனங்கள் பஞ்சத்தாலும் போராலும் இடம்பெயர்ந்திருக்கின்றன. தோழியின் தோழர்கள் இடம்பெயர்ந்ததற்குக் காரணங்கள் வேறு. முதலில் அவர்கள் வாழ்ந்தது யாரோ ஒரு கல்லூரி மாணவர் பொழுதுபோகாமல் கட்டிக்கொடுத்த மன்றப் பக்கத்தில். பச்சைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, படித்தால் கண்ணில் நீர் வரும். அந்த மாணவருக்கு வேலை கிடைத்தது, பிறகு கல்யாணமும் ஆனது. ஒரு நாள் காலையில் திறந்து பார்த்தால் மன்றமே இல்லை. அத்தனை வருஷப் பேச்சும் போன இடம் தெரியவில்லை. அடுத்து எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் உலகமே இருக்கிற பெரிய தளத்துக்குப் போனார்கள். அங்கே மாமனாரும் இருந்தார், மேலதிகாரியும் இருந்தார். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு துணை நடிகையின் கம்மலைப் பற்றி மனம்விட்டு உருக முடியவில்லை. ஆகவே கைபேசிக் குழுவுக்கு ஓடினார்கள். அங்கே காலை வணக்கப் பூக்கள் ஆளை மூழ்கடித்தன. வயதில் குறைந்தவர்கள் கம்பி நீட்டி, சின்னச் சின்ன வீடியோ போடும் இடத்தில் தனிக் கடை விரித்தார்கள்.

ஒவ்வொரு தடவையும் நடப்பது ஒன்றுதான். பாதிப் பேர் முன்னே போவார்கள். கால்வாசிப் பேர், "செத்தாலும் இங்கேயேதான்" என்று உட்கார்ந்துவிடுவார்கள். மிச்சமிருப்பவர்கள் இரண்டு பக்கமும் இருந்துகொண்டு, இங்கே பேசியதை அங்கேயும் அங்கே பேசியதை இங்கேயும் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்.

இந்தக் குழப்பத்தில் எதிரிகள் நுழைந்தார்கள். எதிரிகள் என்றால், கதாநாயகியின் ரசிகர்கள். அவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், வேலைவெட்டி இல்லாமலும் இருந்தார்கள். பழைய தோழர்களின் புனைபெயர்களைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்து, நாலு நாள் நல்லவர்களாக இருந்துவிட்டு, ஐந்தாம் நாள் தோழியைக் கேலி செய்து படம் போட்டார்கள். மன்றம் ஆடிப்போனது. அப்போதுதான் நம் செக்கர் வாசலுக்கு வந்து நின்றார். இனி எந்தத் தளத்துக்குப் போனாலும், பழைய உறுப்பினர் ஒவ்வொருவரும் அவருடைய ஒரு கேள்விக்குப் பதில் சொன்ன பிறகுதான் உள்ளே வரலாம் என்று விதி பிறந்தது. கேள்வி பழைய பேச்சிலிருந்து வரும். அந்தப் பேச்செல்லாம் அழிந்துபோய்விட்டதால் அது இருக்கும் ஒரே இடம் செக்கரின் மண்டை.

விசாரணைகள் இப்படி இருக்கும்.

"பழைய மன்றத்துல உங்களுக்கும் தண்ணி டம்ளருக்கும் எதுக்குச் சண்டை?"

"ஒரு சின்னக் கருத்து வேறுபாடுதாண்ணே."

"அது புருஷன் பொண்டாட்டி சண்டைக்கும் பொருந்தும். எதுக்குன்னு கேட்டேன்."

"தோழியோட நடிப்பைப் பத்தி..."

"நடிப்பும் இல்லை, நாட்டியமும் இல்லை. தோழி ஒத்தைக் காதுல கம்மல் இல்லாம வந்தது தொலைஞ்சதாலயா, இல்லை வேணும்னே கழட்டினதாலயான்னு. என்கிட்டயே காது குத்தறியா? நடையைக் கட்டு!"

வாளியில் விழும் பிஸ்கட்டைப் போல் அந்த ஆள் வெளியே போவார். உள்ளே கைதட்டும் பொம்மைகள் வரிசை கட்டும். செக்கர் ஒன்றும் நடக்காததுபோல் ஒரு புள்ளியை மட்டும் பதிலாகப் போடுவார். பெரிய மனிதர்கள் அதிகம் பேசக் கூடாது.

அவர் அதிகம் பேசியது ஒரே ஓர் ஆளிடம்தான். அந்த ஆளுக்குப் பெயர் குடைக்காரர்.

குடைக்காரர் சாலை போடும் உருளை வண்டியின் ஓட்டுநர். ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாகப் போய்வந்து, எதிரே இருப்பது மட்டமாகும்வரை நசுக்குவது அவர் தொழில். விவாதத்திலும் அதே முறையைக் கடைப்பிடித்தார். எதைச் சொன்னாலும் "அதெல்லாம் இல்லை" என்றுதான் தொடங்குவார். "குடைக்காரரே, நல்ல மனுஷன்யா நீங்க" என்று ஒருவர் எழுதியதற்கும் "அதெல்லாம் இல்லை" என்று பதில் போட்டவர். அவருக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது ஒரு மழைக் காட்சி. கதாநாயகன் கோபித்துக்கொண்டு போய்விடுவான், கதாநாயகி நடுத்தெருவில் நின்று அழுவாள், தோழி ஓடிவந்து அவள் தலைக்கு மேல் குடை பிடிப்பாள். கதாநாயகி நனையாமல் அழுவாள். தோழி பேசாமல் நனைவாள். மன்றத்தில் இந்தக் காட்சியைப் பற்றி எல்லாருக்கும் ஒரே கருத்துதான், குடையின் நிறம் தவிர.

"கருநீலம். முதல் நாளே தியேட்டர்ல பாத்தவன் சொல்றேன்" என்பார் செக்கர்.

"அதெல்லாம் இல்லை. நீங்க பாத்த தியேட்டர்ல திரையே நீலமா இருந்திருக்கும். குடை கறுப்பு."

"யோவ், கண்ணை வெச்சுத்தான்யா எனக்குச் சம்பளமே."

"எனக்கு மட்டும்? தாரு கறுப்பா நீலமான்னு தெரியாமலா ரோடு போடறேன்?"

படத்தின் பிரதிகள் எல்லாம் வெளுத்துப்போய், நீலம் என்பவருக்கு நீலமாகவும் கறுப்பு என்பவருக்குக் கறுப்பாகவும் காட்சி தந்துகொண்டிருந்தன. ஆகவே வழக்கு முடியவில்லை. மன்றத்தில் ஆரம்பித்தது, பெரிய தளத்துக்கு வந்தது, கைபேசிக் குழுவிலும் தொடர்ந்தது. இருவரும் நேரில் பார்த்துக்கொண்டது ஒரு தடவைதான். ஒரு பழைய தியேட்டரில் தோழியின் படம் போட்டபோது எல்லாரும் கூடினார்கள். உள்ளே படம் ஓடிக்கொண்டிருக்க, இவர்கள் இருவரும் வெளியே நொறுக்குத்தீனிக் கடைப் பக்கத்தில் நின்று குடையைப் பற்றிச் சண்டை போட்டார்கள். குடை வரும் காட்சியை இருவருமே அன்று பார்க்கவில்லை.

செக்கர் ஒரு சமயம் முதுகில் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தார். மற்றவர்கள் 'விரைவில் நலம் பெறுக' என்று பூங்கொத்துப் படம் அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்கள். குடைக்காரர் பூ அனுப்பவில்லை. தினமும் காலையில் ஒரு வரி வரும்: "நீலமா கறுப்பா? சண்டை போடற அளவுக்குத் தெம்பு வந்துச்சா இல்லையா?" பத்தியத்துக்கு நடுவே செக்கர் அதற்குப் பதில் எழுதுவதைப் பார்த்துவிட்டு அவர் மனைவி சொன்னார்: "மருந்துக் கடையில வேலை பாக்கறவ நான். எந்த மாத்திரைக்கும் நீங்க இப்படி எழுந்து உட்கார்ந்து பாத்ததில்லை." அதிலிருந்து ஆண்டுக்கு ஒரு தடவை, தொழிற்சாலையில் ஊழியர்களுக்கு விடும் உடைசல் பிஸ்கட்டை ஒரு தகர டப்பாவில் அடைத்துக் குடைக்காரர் வீட்டுக்கு அனுப்புவது செக்கரின் வழக்கம்.

கடைசி இடப்பெயர்ச்சி இந்த வருஷம் வந்தது. ஒரே கூரைக்குள் பல அறைகளாகப் பிரிந்த புதிய தளம் ஒன்று. காட்சிகளுக்கு ஓர் அறை, கம்மலுக்கு ஓர் அறை, காலை வணக்கத்தைத் தள்ளி அடைக்கத் தனியாக ஓர் அறை. இதைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தவர் ஜன்னலோரம். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், கறாரானவர். செக்கரின் பொறுப்பு ஒரு நாள் தன் கைக்கு வரும் என்று காத்திருப்பவர். முன்பு சொன்ன பிரகடனம் அப்போதுதான் வெளியானது, "புது இடம் அண்ணே, ஆளை அடையாளம் கண்டுபிடிக்க உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்" என்று அந்த அம்மா அக்கறையோடு சொன்ன ஒரு வார்த்தைக்குப் பதிலாக.

விசாரணைகள் தொடங்கின. தண்ணி டம்ளர் தேறினார். இன்னும் பலர் தேறினார்கள். குடைக்காரரின் முறை வந்தபோது செக்கருக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஆளுக்கு விசாரணையா? ஆனாலும் விதி விதிதான். சாப்பாட்டு இடைவேளையில், தொழிற்சாலை முற்றத்தில் கவிழ்த்துப்போட்ட மரப்பெட்டியில் உட்கார்ந்து, ஆசையோடு கேள்வியைப் போட்டார்.

"குடை என்ன நிறம்?"

எதிர்முனையில் எழுதுவதைக் காட்டும் புள்ளிகள் ஆடின, நின்றன, மறுபடி ஆடின.

"நீங்க சொன்னதுதான் சரி. நீலம்."

செக்கர் அதை இரண்டு தடவை படித்தார். கொண்டுவந்த சாப்பாட்டை மூடி வைத்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டுத்தான் சொல்றேன். நீலம்தான். நீங்க ஜெயிச்சுட்டீங்க."

இத்தனை வருஷமாக அவர் கேட்க ஆசைப்பட்ட வாக்கியம் அது. கேட்டதும் இனிக்கவில்லை. குடைக்காரர் கழுத்தில் கத்தி வைத்தாலும் இதைச் சொல்ல மாட்டார். அப்படியென்றால் எவனோ அவர் கணக்கைத் திருடிவிட்டான். செக்கரின் விரல் அதன் கடமையைச் செய்தது. ஒரு தட்டு, ஆள் வெளியே.

"குடைக்காரர் பெயரில் வந்த போலி கண்டுபிடிக்கப்பட்டு அகற்றப்பட்டது" என்று அறிவிப்பு வைத்தார். அறைகள் அமர்க்களப்பட்டன.

"அண்ணே, உங்க கண்ணுக்கு ஒரு சிலை வைக்கணும்" என்றார் ஜன்னலோரம்.

"கண்ணுக்கு மட்டும் வெச்சா எப்படி? மூக்குக்கும் வைங்க. அதைத்தானே எல்லா எடத்துலயும் நுழைக்கிறாரு" என்றார் தண்ணி டம்ளர்.

செக்கர் வழக்கமான புள்ளியைக்கூடப் போடவில்லை. குடைக்காரரின் எண்ணுக்குக் கூப்பிட்டு எச்சரிக்கப் பார்த்தார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மாலையிலும் எடுக்கவில்லை. மறுநாளும் இல்லை.

"ஏங்க, தட்டுல இருக்கறதையும் கொஞ்சம் பாத்துச் சாப்பிடுங்க" என்றார் மனைவி.

"ஒரு சிநேகிதனோட கணக்கை எவனோ திருடிட்டான்மா."

"நகை திருடு போனாக்கூட உங்க முகம் இப்படி ஆகாது."

"நகை இருந்தாத்தானே."

"அதைச் சொல்லுங்க." மனைவி அவர் தட்டை இழுத்து இன்னும் கொஞ்சம் பரிமாறினார். "போன்லயே ஏன் கெடக்கறீங்க? லீவு நாள்ல நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்க. இத்தனை வருஷமா குடை நிறத்தைப் பத்திப் பேசறீங்க. அந்த மனுஷன் என்ன நிறம்னு ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லை. அது அவருக்கே கொஞ்சம் அதிர்ச்சியாக இருந்தது.

விடுமுறை நாளில் உடைசல் பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு பேருந்து மாறிப் போனார். வரிசையாக ஒரே மாதிரிக் கட்டடங்கள், படிக்கட்டில் காயப்போட்ட துணி, மூன்றாவது மாடியில் கதவு. திறந்தது ஒரு பெண்மணி. மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்து நூலால் கட்டியிருந்தது. அவர் செக்கரின் முகத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார்.

"செக்கர் அண்ணாவா? உள்ள வாங்க."

"இருக்காராம்மா? போனை எடுக்கவே மாட்டேங்கறார். அவர் கணக்கை யாரோ..."

"உட்காருங்கண்ணா."

உட்கார்ந்தார். ஜன்னல் பக்கம் ஒரு மேசை, அதன்மேல் கைபேசி ஒன்று மின்கம்பியோடு கிடந்தது. அலமாரியில் அவர் அனுப்பிய டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஒன்றில் பொத்தான்கள், ஒன்றில் திருகாணிகள், ஒன்றில் மாத்திரை அட்டைகள்.

"அவர் போயிட்டார் அண்ணா. மழை தொடங்கறதுக்கு முன்னாடியே. நெஞ்சு வலின்னு வண்டியை ஓரமா நிறுத்திட்டு, எஞ்சினையும் அணைச்சுட்டுத்தான் இறங்கினாராம். நாலஞ்சு நாள் ஆஸ்பத்திரியில இருந்தார். அவ்வளவுதான்."

வெளியே மழைக்காலமே முடிந்து வெயில் அடித்துக்கொண்டிருந்தது. செக்கருக்கு இரங்கல் சொல்லத் தெரியும். குழுவுக்காக ஒரு நல்ல இரங்கல் செய்தி அவரிடம் தயாராகவே உண்டு, பெயரை மட்டும் மாற்றினால் போதும். அதில் ஒரு சொல்கூட இப்போது வாயில் வரவில்லை. வந்தது வேறு.

"அப்ப என் பிறந்த நாளுக்கு வாழ்த்து வந்ததே?"

"நான்தான்."

"கம்மல் விஷயத்துல மூணு நாள் என்கூட மல்லுக்கட்டினது?"

"அதுவும் நான்தான் அண்ணா. நீங்க சொன்னதுதான் எனக்கும் சரியாப் பட்டுது. ஆனா அவர் விட்டிருக்க மாட்டாரே. அதனால நானும் விடலை."

செக்கர் டப்பாவின் மூடியை அழுத்தினார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. மறுபடி அழுத்தினார். ஒரு பருவம் முழுக்க, நாள் தவறாமல், இறந்துபோன நண்பனோடு அவர் சண்டை போட்டிருக்கிறார். நாலு வரி போதும் என்றவர் நானூறு வரி படித்திருக்கிறார்.

"எழுதறது எல்லாத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டேதான் எழுதுவார்" என்றார் அந்த அம்மா. "அடுப்படியில நின்னு கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாயிடுச்சு. முதல்ல அதெல்லாம் யோசிக்கலை அண்ணா. அவர் போன மறுவாரம் இந்தப் போன் சத்தம் போட்டுக்கிட்டே இருந்துது. விஷயத்தைச் சொல்லிடலாம்னு எடுத்தேன். 'அவர்'னு அடிச்சேன், அதுக்கு மேல விரல் போகலை. அப்பப் பாத்து யாரோ, 'குடைக்காரரே, சாப்பிட்டாச்சா?'ன்னு கேட்டாங்க. நான் 'ஆச்சு'ன்னு போட்டேன்." கண்ணாடியைக் கழற்றி, கட்டியிருந்த நூலை இறுக்கினார். "அப்படிப் போட்டதுக்கப்புறம்தான் எனக்கே பசிச்சுது. எழுந்து போய்ச் சாப்பிட்டேன்."

பக்கத்து வீட்டில் குழந்தை ஒன்று வாய்ப்பாடு சொல்லி, தப்பான இடத்தில் நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

"இவ்வளவும் சரியாச் செஞ்சீங்க. அந்தக் குடைக் கேள்விக்கு மட்டும் ஏம்மா ஒத்துக்கிட்டீங்க? கறுப்புன்னு போட்டிருந்தா நான் கண்டே பிடிச்சிருக்க மாட்டேனே" என்றார் செக்கர். அவர் குரலில் இருந்தது குற்றச்சாட்டல்ல, ஏதோ கெஞ்சல்.

"அது ஒண்ணுல மட்டும் பொய் சொல்ல மனசு வரலை. ஆஸ்பத்திரியில அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டச் சொன்னார். பாத்துட்டுச் சிரிச்சார். 'நீலம்தான்டி, எனக்கு முதல்லேர்ந்தே தெரியும். ஒத்துக்கிட்டா அப்புறம் செக்கர் என்கூடப் பேச என்ன இருக்கு?'ன்னார். நீங்க அதையே கேட்டதும், இதையாவது உங்ககிட்ட சேத்துடணும்னு தோணுச்சு."

பட்டையில் ஓடும் பிஸ்கட்டில் மயிரிழைக் கீறலைப் பார்க்கிற கண்ணுக்கு, எதிரே இருந்த சுவர்கூடச் சரியாகத் தெரியவில்லை. செக்கர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மா எழுந்து போய் டீ போட்டு எடுத்துவந்து, அவர் நிமிரும்வரை காத்திருந்து கொடுத்தார்.

"இப்ப எல்லாருக்கும் சொல்லிடுவீங்களா அண்ணா? சொல்லாதீங்கன்னு கேக்கலை. அது உங்க பொறுப்பு."

சொன்னால் என்ன நடக்கும் என்று செக்கருக்குத் தெரியும். கூப்பிய கைகளின் படம் வரிசையாக வரும். அழுகிற பொம்மைகள் வரும். யாரோ அவசரத்தில் கைதட்டும் பொம்மையைப் போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்பார். தண்ணி டம்ளர் நாலு வரியில் கவிதை எழுதுவார். மறுநாள் கம்மல் அறையில் பேச்சு தொடரும். அது போகட்டும். 'இத்தனை மாசமா நம்மள ஏமாத்தினது அந்தப் பொம்பளையா?' என்று ஒரு கேள்வி எழும். அதைக் கேட்கப் போகிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. அப்படிக் கேட்கச் சொல்லிக் கொடுத்தவரே செக்கர்தான்.

"காலையில எழுந்தா 'குடைக்காரரே'ன்னு யாராவது ஒருத்தர் கூப்பிடறாங்க" என்றார் அந்த அம்மா. "இந்த வீட்டுல அவரை வேற யார் கூப்பிடப் போறாங்க? நாலு நாளா அந்தச் சத்தம் இல்லை. அவர் போனது நாலு நாள் முன்னாடிதாங்கற மாதிரி இருக்கு."

செக்கர் டீயைக் குடித்து முடித்தார். டப்பாவை மேசையில், கைபேசிக்குப் பக்கத்தில் வைத்தார். கதவருகே செருப்பைப் போட்டுக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்:

"போனுக்கு சார்ஜ் போட்டு வைங்கம்மா."

வீட்டுக்கு வந்தபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நல்லா இருக்காரா?"

செக்கர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். மனைவி அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தார். மடித்த துணிகளை எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கிண்டல் எதுவும் செய்யவில்லை. செக்கர் நடந்ததைச் சொன்னார், பேருந்து மாறியதிலிருந்து, வரிசைக்கிரமமாக. கேட்டு முடித்ததும் மனைவி, "அந்த அம்மாவுக்குத் துணைக்கு யாராவது இருக்காங்களா?" என்றார். "போன்தான்" என்றார் செக்கர்.

பிறகு கைபேசியை எடுத்து, எல்லா அறைகளுக்கும் பொதுவான வாசல் பக்கத்தில் எழுதினார். அவருடைய அறிவிப்புகளிலேயே சிறியது அது.

"குடைக்காரர் விஷயத்தில் விசாரணை தவறாகிவிட்டது. தவறு என்னுடையது. அவர் அசல்தான். மறுபடி சேர்த்திருக்கிறேன். அவரிடம் இனி யாரும் எந்தக் கேள்வியும் கேட்க வேண்டாம். சொன்னபடி என் பொறுப்பை இன்று முதல் ஜன்னலோரம் பார்த்துக்கொள்வார்."

சிரிப்புப் பொம்மைகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. ஜன்னலோரம், "இதுவரை ஆற்றிய பணிக்கு நன்றி" என்று அலுவலகத் தோரணையில் ஒரு வரி போட்டார். கதாநாயகியின் ரசிகர் முகாமுக்கும் சேதி போய், அங்கே பட்டாசுப் படம் வெடிப்பதாகத் தகவல் வந்தது. கடைசியாகத் தண்ணி டம்ளர் வந்தார்.

"என்னண்ணே, நாலு வரி படிச்சாப் போதும்னு அந்தப் பேச்சுப் பேசினீங்க?"

எழுதுவதைக் காட்டும் புள்ளிகள் இந்தத் தடவை செக்கரின் பெயருக்குக் கீழே ஆடின, நின்றன, மறுபடி ஆடின.

"போதலை" என்று எழுதினார்.